வாபஸ் வாங்கிய சனிக்கிழமை

சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ராஜபாளையத்தில் பஸ் ஏறிவிடுவேன். ஸ்ரீவில்லிபுத்தூரில், கோர்ட்டுக்குப் போகும் வழியில் என் சிநேகிதி தையல் கடை வைத்திருக்கிறாள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் அந்த வாரத்துச் செய்தியெல்லாம் அவளுக்கு அத்துப்படி. டீச்சர் என்று பேர், நான் தலைப்பைத் தாண்டிப் படித்ததில்லை.

எங்கள் அரட்டைக்கு அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். புதுச் செய்திக்குப் போகும் முன், போன வாரம் தப்பாகப் பேசியதை வாபஸ் வாங்க வேண்டும். ஒரு கூட்டணி உடையும் என்று அடித்துச் சொல்லியிருந்தாள், உடையவில்லை. அடுத்த சனிக்கிழமை நான் செருப்பைக் கழற்றும்போதே, "நான் சொன்னது தப்புட்டி" என்றாள். டிவியில் உட்கார்ந்து கத்துகிற எவருக்காவது இந்த மனசு வருமா?

அன்று ஏதோ வெளிநாட்டு அரச குடும்பத்துக் கல்யாணத்தில் ஆரம்பித்தோம். நெருங்கின சொந்தத்தையே கூப்பிடவில்லையாம்.

"பத்திரிகை வைக்கலன்னா ராசா வீட்டுலயும் மூஞ்சியத் தூக்கத்தான செய்வாவ" என்றாள், ஒரு ரவிக்கைக்கு ஹூக் வைத்துக்கொண்டே.

அடுத்து சினிமா விருது. சிபாரிசில் கொடுத்தார்கள் என்று எல்லாரும் பேசிய வாரம் அது. நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அதே வாரம்தான் உள்ளூர்ச் சங்கம் ஒன்று எனக்குச் சிறந்த ஆசிரியை விருது அறிவித்திருந்தது.

"ஒனக்கும் சிபாரிசுலதான் குடுத்தாவன்னு துணி குடுக்க வந்த ஒரு டீச்சர் சொல்லிட்டாவ. எம் சிநேகிதி அப்படிப்பட்டவ இல்லன்னு சண்டை போட்டு அனுப்பிட்டேன்லா" என்று சிரித்தாள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவளிடம் முடியவில்லை. என் கொழுந்தனார் சங்கத் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்ததையும், தெரிந்தும் நான் தடுக்காததையும் சொன்னேன்.

ஊசியைத் துணியில் குத்திவிட்டுப் போனை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டியதும் அந்த டீச்சருக்குப் போன் போட்டாள்.

"டீச்சர், அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி. நான் வெவரம் தெரியாமச் சண்டை போட்டுட்டேன். மனசுல வச்சுக்காதிய."

அதற்கு மேல் என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெட்கத்தில் என் காதெல்லாம் சுட்டது. அப்போதும் அவளைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. நானாக இருந்தால் அந்தப் போனைப் போட்டிருக்க மாட்டேன்.

போனை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மவ கணக்குல பாஸானதே ஒன்னாலதான். ஒனக்கு எதுக்குட்டி சிபாரிசு?"