கரைக்கு வராதவன் கேட்ட சோறு

சாப்பாடு வீணாகாமல் இருக்க ஓட்டல்களுக்கு ஆப் செய்து கொடுப்பது எங்கள் தொழில், அதில் விதி ஒன்றே ஒன்றுதான்: கேட்டவனுக்கு மட்டும் உலை வை. அன்று காலை கேட்டவன் கடலில் காணாமல் போனவன்.

தங்கச்சிமடத்தில் மெஸ் நடத்தும் ரோஸ்லின் அக்கா போன் செய்தது. காணாமல் போன ஜெரால்டு அதன் கூடப்பிறந்த தம்பி. அழவில்லை. எப்போதும் அரிசி அளவு கேட்கும் அதே குரல்தான்.

"ஏலே கார்த்தி, ஜெரால்டு சோறு கேட்டுருக்கான். வைக்கவா, வேணாமா?"

போறேன் பொத்தான்

முதலிலிருந்து சொல்கிறேன். பிளஸ் டூவோடு படிப்பை விட்டுவிட்டு, ராமநாதபுரத்தில் ரியாஸ் காக்காவிடம் சேர்ந்தேன். அவர் துபாயில் பெரிய சமையற்கூடம் ஒன்றில் ஸ்டோர் பார்த்தவர். அங்கே தினமும் கொட்டியதைப் பார்த்து வயிறெரிந்து, ஊருக்கு வந்து இந்த ஆப்பை ஆரம்பித்தார். திரை வரைவது, பொத்தான் வைப்பது, திட்டு வாங்குவது என் வேலை. இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும், மூன்றாவதுதான் முழுநேரம்.

ரோஸ்லின் அக்கா மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள் எல்லாம் விசைப்படகு ஆட்கள். கடலில் இருக்கிறவனுக்கும் சேர்த்து ஆக்கி, தினமும் ஒரு அண்டா சோறு வீண். இரண்டு பொத்தான் வைத்தேன்: கிளம்பும்போது 'போறேன்', திரும்பினால் 'வந்துட்டேன்'. ஒருத்தன்கூட முதல் பொத்தானைத் தொடவில்லை. எரிச்சலோடு பஸ் ஏறிப் போய், ஒரு பொத்தானை அமுக்க என்ன கேடு என்று படகு டிரைவர் சேசு அண்ணனிடம் கேட்டேன். அவர் பீடியை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"போறேன்னு சொல்லிட்டுக் கடலுக்குப் போயி, திரும்பி வந்தவன் ஒருத்தனக் காட்டு. நான் இப்பவே அமுக்குறேன்."

பரமக்குடிப் பந்தி

இரண்டையும் எடுத்துவிட்டு ஒரே பொத்தான் வைத்தேன்: 'எனக்குச் சோறு'. படகு கரையை நெருங்கி போனில் டவர் கிடைத்ததும் அமுக்க வேண்டும். படகு கட்டி, மீனை இறக்கி வருவதற்குள் சோறு வடித்துவிடலாம். அண்டா காலியானது. ரியாஸ் காக்கா எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தில் பரமக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தையும் சேர்த்துக்கொண்டோம்.

அங்கே முதல் முகூர்த்தமே நின்றுபோனது. விடியும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு. நான் போனபோது பந்தி முழுக்க இலை போட்டிருந்தது, தண்ணீர் தெளித்திருந்தது, இனிப்பு வைத்திருந்தது, உட்கார ஒரு ஆள் இல்லை. மின்விசிறிக் காற்றில் எல்லா இலையும் ஒன்றாக எழும்பி ஒன்றாகப் படிந்தன, யாரோ வரிசையாக உட்கார்ந்து எழுந்திருப்பதுபோல. விடுதி, இல்லம், ஆட்டோ ஸ்டாண்ட் என்று ஆப்பில் எல்லோருக்கும் தகவல் அனுப்பினேன். பார்த்தார்கள், யாரும் வரவில்லை. மண்டப மேனேஜர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"சோறு கெட்டுப்போகல தம்பி. யாருக்கு ஆக்குனதுன்னு கேக்குறாங்க. அதுக்கு ஒங்க ஆப்புல எடமே இல்லையே."

முதல் ஆள்

ஜெரால்டு சேசு அண்ணன் படகில் போனவன். படகு வந்தது, அவன் வரவில்லை. பின்பக்கம் போனவனை அதற்குப்பிறகு யாரும் பார்க்கவில்லை. போன் இடுப்பில், பிளாஸ்டிக் உறைக்குள். ஊர்ப் படகெல்லாம் தேடிப்போய் வெறுமனே திரும்பின. ஆளும் இல்லை, உடலும் இல்லை. அப்புறம்தான் அந்தக் காலையில் பட்டியலில் அவன் பேர் வந்தது. ஜெரால்டு. எனக்குச் சோறு.

பழைய தகவல் எங்கோ மாட்டிக்கொண்டு தாமதமாக வந்திருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். தோண்டிப் பார்த்தேன். புதிதாக, அன்றைக்குத்தான் அனுப்பப்பட்டது. மேப்பில் இடம் தனுஷ்கோடிக்கு அப்பால், வெறும் நீல நிறம். அவன் நம்பருக்கு அடித்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. காக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "டவர் கோளாறுடா" என்றார் ரியாஸ் காக்கா. ஆனால் அந்தப் பேர் மறுபடி மறுபடி வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது. சேசு அண்ணன் படகு கடலிலிருந்து திரும்புகிற நாளில் மட்டும் அந்தப் பேர் வந்தது. படகு கரையில் கிடந்த நாளில் வரவில்லை. சேசு அண்ணனிடம் கேட்டேன்.

"டவர் கெடச்சதும் நாங்க போனை எடுப்போம்ல. அதுக்கு முன்னாடியே அவன் அமுக்கிருக்கான்."

மூலைத் தட்டு

கேட்டால் வைக்கவேண்டியதுதானே என்று ரோஸ்லின் அக்கா வைக்க ஆரம்பித்தது. மூலை மேசையில் ஒரு எவர்சில்வர் தட்டு, சோறு, நகரை மீன் குழம்பு. யாரும் தொடாததால் அதை 'மிச்சம்' என்று ஆப்பே விளம்பரம் செய்தது. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் போனது. எடுக்க ஆள் வரவில்லை. சாயங்காலம் அக்காவே கடற்கரைக்கு எடுத்துப் போகும், காலித்தட்டோடு வரும்.

ஒரு மதியம் நான் அங்கே சாப்பிட்டேன். மீன் வாடைக்கு என் தட்டில், பக்கத்துத் தட்டில், அண்டா மூடியில் எல்லாம் ஈ. அந்தத் தட்டில் மட்டும் ஒன்றுகூட இல்லை. நான் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன், வெட்கப்பட ஒன்றுமில்லை, நீங்களும் போட்டிருப்பீர்கள். அப்போது வடக்கே இருந்து வந்த ஒரு சுற்றுலாக்காரர் இடம் தேடி அந்த மூலைக்குப் போனார். சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் எச்சில் கையோடு எழுந்துவிட்டார்கள். அக்கா மட்டும் கரண்டியை வைக்காமல் சொன்னது:

"அங்கன ஆள் இருக்கு. இங்கிட்டு ஒக்காருங்க."

மேரி அக்கா

ஜெரால்டு பெண்சாதி மேரி அக்கா எங்கள் ஆபீசுக்கே வந்தது, கைக்குழந்தையோடு. கோயிலில் அவனுக்கு இறந்தவர் பூசை வைக்க வேண்டும், பங்குச் சாமியாரும் சரி என்றுவிட்டார், ரோஸ்லின் அக்காதான் விடவில்லை. சோறு கேட்கிறவனுக்கு எப்படிச் சாவுப் பூசை வைப்பது என்று அதன் நியாயம். பூசை நடக்காமல் மேரி அக்கா தாலியைக் கழற்றவும் முடியாது, அம்மா வீட்டுக்குப் போகவும் முடியாது. தினமும் யாராவது வாசலில் நின்று, "இன்னைக்குக் கேட்டானா?" என்று விசாரிக்கிறார்களாம். அவன் பேரை ஆப்பிலிருந்து எடுத்துவிடச் சொன்னது.

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இப்போதும் படுகிறது. குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு அது சொன்னது:

"எனக்கு ஒருநாளும் ஒண்ணும் அனுப்பல தம்பி. அவுக அக்காட்டச் சோறு மட்டும் கேக்குறாரு."

தடைக்காலம்

ரியாஸ் காக்கா அன்றே சொல்லிவிட்டார், பேரை எடுத்துரு, அந்தப் பிள்ளை பாவம் என்று. திரையைத் திறந்தேன். ஜெரால்டு, பக்கத்தில் 'நீக்கு'. மீன்பிடித் தடைக்காலம் அது. எல்லா விசைப்படகும் கட்டிக் கிடந்தன, கடலில் இருந்து திரும்ப ஒரு படகு இல்லை. விரலைக் கொண்டுபோனேன். பட்டியல் ஒரு வரி கீழே இறங்கி, மேலே புதிதாக ஒன்று ஏறியது. ஜெரால்டு. எனக்குச் சோறு. இடத்தைப் பார்த்தேன். தனுஷ்கோடி இல்லை. பாம்பன் பக்கம், கரைக்கு ரொம்பக் கிட்டே.

சேசு அண்ணனுக்கு அடித்து, பேரை எடுக்கப் போகிறேன் என்று சொன்னேன். நல்லது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன், பூசைக்கு அலைகிறவர்களில் அவரும் ஒருத்தர். அவர் சொன்னது வேறு.

"எடு, வேணாங்கல. ஆனா இதுல கேக்க வழியில்லன்னா, அவன் நேர்லதான வந்து கேக்கணும்?"

காக்கா கேட்டால் எடுத்தாச்சு என்று பொய் சொல்ல எனக்கு வரவில்லை, மேரி அக்கா முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. வீண் சோற்றை ஒழிக்கச் சம்பளம் வாங்குகிற நான், அவன் கேட்கும்போதெல்லாம் ஒரு தட்டு வீணாவதைப் பார்த்துக்கொண்டே, எடுக்கச் சொன்ன அந்த ஒரு பேரை இன்னும் எடுக்கவில்லை.