முப்பத்து மூன்றில் ஓடிய கல்யாணப் பாட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் முதலியார்பேட்டைத் தெருவுக்குப் புதுப் பாட்டு எது வந்தாலும் என் வீட்டு வழியாகத்தான் வரும். பெருமைக்குச் சொல்லவில்லை. தெருவில் ரெக்கார்டு பிளேயர் என்னிடம் மட்டும்தான் இருந்தது, பாட்டுக்கும் வேறு போக்கிடம் கிடையாது. பாரீசுக்குக் குடிபோன ஒரு குடும்பம் விட்டுச்சென்ற பெட்டி அது. மூடி இல்லை. ஊசி கொஞ்சம் நொண்டும். ஆனால் பக்கத்தில் கேசட் டெக்கை வைத்து ஒயரைச் சொருகிவிட்டால் ஒரு தட்டிலிருந்து ஊருக்கே கேசட் போட்டுக் கொடுக்கலாம். கொடுத்தேன்.

தட்டுகள் சொல்தா வீடுகளிலிருந்து கிடைத்தன. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை நாங்கள் சொல்தா என்போம். அவர்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் பிரான்சிலிருந்து லீவில் வரும்போது சென்ட் பாட்டிலுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே இரண்டு தட்டுகளைச் சொருகிக் கொண்டுவருவார்கள். கேட்டுச் சலித்ததும் இங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள். "கேட்டுட்டுத் தர்றேன் முசியே" என்று பிரெஞ்சில் ஒரு ஐயா போட்டுக் கேட்டால் போதும், கொடுத்துவிடுவார்கள். திருப்பிக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

எல்லாம் மெஷின் பாட்டு. தபலா கிடையாது, வயலின் கிடையாது. கரண்டில் ஓடும் ஏதோ ஒன்று டும் டும் டும் என்று ஒரே அடியாக அடிக்கும், மேலே ஒருவர் நாலு வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லுவார். நான் வேலை பார்த்தது மில்லில், நூற்பு டிபார்ட்மெண்டில். என்னோடு அதே ஷிப்டில் இருந்த நண்பன் முதல்முறை கேட்டுவிட்டு, "ஏன்டா, ஷிப்டு முடிஞ்சு வந்தா இங்கயும் ஷிப்டா?" என்றான். கதிர்காமத்தில் முடிவெட்டுகிறவருக்கு ஒரு கேசட் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து, "பாட்டு நல்லாத்தான் கீது. ஆனா தலை ஆட்றானுங்கப்பா, காது போயிடும்" என்று திருப்பிக் கொடுத்தார். லாஸ்பேட்டை ஹாஸ்டல் பையன் ஒருவன், "இதைப் போட்டுக்கினு படிச்சேன்ணே. பாட்டும் ஏறல, பாடமும் ஏறல, ஆனா பொழுது போச்சு" என்றான். பாட்டைவிட இந்தப் பேச்சுகளுக்காகத்தான் நான் கேசட் கொடுத்தேனோ என்று இப்போது சந்தேகம் வருகிறது.

பாட்டில் நல்ல இடம் ஒன்று வரும், சட்டென்று போய்விடும். எனக்கு அது பொறுக்காது. டெக்கில் பதிவை நிறுத்திவைக்கும் பாஸ் பட்டனை அமுக்கி, தட்டின் ஊசியைப் பின்னுக்கு நகர்த்தி, பட்டனை விட்டு, அந்த இடத்தையே எட்டுத்தடவை ஒட்டிவிடுவேன். ரீமிக்ஸ் என்ற வார்த்தையெல்லாம் எங்கள் பக்கம் அப்போது வரவில்லை. நாங்கள் வைத்த பெயர் ஒட்டுப்பாட்டு.

இப்படி இருக்கும்போதுதான் நண்பனின் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சொல்தா குடும்பத்துப் பிள்ளை, பாரீசுக்குப் பக்கத்தில் தபால் ஆபீசில் வேலை. இரண்டு வீட்டாரும் ஒரே மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகிறவர்கள், அதனால் சம்பந்தம் சுலபமாகப் பேசி முடிந்தது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அவர்கள் வீட்டு வழக்கப்படி விருந்தில் முதலில் பொண்ணும் மாப்பிள்ளையும் சபைக்கு நடுவே ஆட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் எழுந்திருப்பார்கள். எங்கள் தங்கச்சி அதுவரை ஆடியது பள்ளிக்கூடத்துக் கோலாட்டம் ஒன்றுதான்.

மாப்பிள்ளையின் அத்தை பூ வைக்க வந்த அன்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனார். "பொண்ணுக்கு ஆடத் தெரியாட்டி பரவால்ல. அது பாட்டுக்கு உக்காந்துக்கட்டும். என் பொண்ணு இருக்கா, அவ மாப்பிள்ளையோட ஆடி ஆரம்பிச்சு வெச்சிடுவா."

அந்தம்மா தெரு முனை திரும்பியதும் தங்கச்சி என்னிடம் வந்தாள். "அண்ணே, என் கல்யாணத்துல நான் நாற்காலில உக்காந்துக்கினு, எவளோ அவரோட ஆடுறதைப் பாக்கணுமா?"

"அதெப்படிம்மா விட்டுடுவோம்."

"அப்ப கத்துக்குடுங்க. ஊருக்கெல்லாம் கேசட் குடுக்குறீங்க இல்ல."

ஆட்டத்தில் எனக்கு இருந்த அறிவைச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலு அன்று சொல்தாக்கள் கூடி ஆடுவதை இரண்டு வருடம் மதில்மேல் தொங்கிக்கொண்டு பார்த்திருக்கிறேன். அந்த உயரத்தில் ஜன்னல் வழியாக இடுப்புக்கு மேலேதான் தெரியும். கால் என்ன செய்கிறது என்பது கடைசிவரை தெரியவில்லை. ஆகவே இடுப்புக்கு மேல் பிரெஞ்சு, இடுப்புக்குக் கீழ் நம் சொந்த முயற்சி என்று முடிவு செய்தோம்.

மாப்பிள்ளையே பாட்டும் அனுப்பி வைத்தார். லீவில் வந்த ஒருவர் கையில் ஒரு பெரிய தட்டு வந்தது. கறுப்பு உறை, ஒரு துண்டுச் சீட்டு. 'நாம இதுக்குத்தான் ஆடப் போறோம். இங்கே எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க.' அந்தச் சீட்டைத் தங்கச்சி எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்குத் தெரிந்த உலகத்தில் பெரிய தட்டு நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்று ஓடும், சின்னத் தட்டு நாற்பத்தைந்து சுற்று ஓடும். அதற்கு மேல் பேச்சில்லை. பிரான்சில் யாரோ டான்சுக்கென்றே பெரிய தட்டில் ஒரே பாட்டை வைத்து, அதை நாற்பத்தைந்தில் ஓட விட்டிருக்கிறார்கள் என்ற சேதி முதலியார்பேட்டைக்கு வந்து சேரவில்லை. தட்டின் நடுவில் 45 என்று போட்டிருந்தது. நானும் பார்த்தேன், நண்பனும் பார்த்தான். "பாடுறவனோட வயசா இருக்கும்டா" என்றான். முப்பத்து மூன்றில் ஓட்டிப் பார்த்தோம். அடித்தொண்டையில், ஜலதோஷம் பிடித்த கனத்த ஆம்பளைக் குரல் வந்தது. நாற்பத்தைந்து வயது சரியாகத்தான் பொருந்தியது.

அந்தப் பாட்டு எனக்கு எவ்வளவு பிடித்துப்போனது என்று எழுதத் தெரியவில்லை. அவசரமே இல்லாத பாட்டு. ஒவ்வொரு அடியும் சாப்பிட்டு எழுந்த மாதிரி வந்து விழும். எட்டு நிமிஷம் ஓடும். அதையும் ஒட்டிப் பதினெட்டு நிமிஷம் ஆக்கினேன். லாஸ்பேட்டைக்குப் போனது, கதிர்காமத்துக்குப் போனது. முடிவெட்டுகிறவர் இந்த முறை கேசட்டைத் திருப்பித் தரவில்லை. "இதுல தலை ஆட்டுறதில்லப்பா, தொங்கப் போட்டுடுறானுங்க. வெட்ட சவுரியமா கீது" என்றார். டீக்கடைக்காரர் மட்டும், "கஸ்டமரு எழுந்து போவ மாட்றான், வேற குடு" என்று சொல்லிப் பார்த்தார்.

ஒத்திகை நண்பன் வீட்டுக் கூடத்தில் நடந்தது. மாப்பிள்ளை இடத்தில் யாராவது நிற்க வேண்டுமே. நண்பன், "தங்கச்சி கையைப் பிடிச்சிக்கினு நான் ஆடினா மில்லுல என்னை உயிரோட விட மாட்டானுங்க" என்று வாசலுக்கு ஓடிவிட்டான். கடைசியில் அவர்கள் அம்மாவே புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு நின்றார்.

"நான்தான் மாப்பிள்ளை. பார்த்துப் பிடிடி, இடுப்பு வலி எனக்கு."

"மாப்பிள்ளை இப்படியா மூச்சு வாங்குவாரு?"

"வந்து கட்டிக்கினு பாரு, எப்படி வாங்குறாருன்னு."

வலப்பக்கம் இரண்டடி, இடப்பக்கம் இரண்டடி, நின்று ஒரு சுற்று. சுற்றும்போது அம்மாவால் சீக்கிரம் திரும்ப முடியாது. பாட்டும் சீக்கிரம் திரும்பாது. இரண்டும் அப்படிப் பொருந்தின. மூன்று மாதத்தில் தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டு ஆடினாள். எனக்கே அழகாக இருந்தது.

மாப்பிள்ளை கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் வந்தார். கல்யாணத்துக்கு முன் இருவரையும் தனியாகப் பேச விடுகிற பழக்கம் இல்லை, இதில் சேர்ந்து ஆடிப் பார்ப்பதற்கு எங்கே போவது. அவரவர் தனித்தனியாகத் தயாராகி, விருந்து மண்டபத்தில் நேருக்கு நேர் நின்றார்கள். மாலை ஐந்து மணி. ஒரு பக்கம் சொல்தா குடும்பங்கள் கோட்டும் டையுமாக, இன்னொரு பக்கம் மில்லு ஆட்கள் நாங்கள். அத்தை முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் அவர் மகள், தயாராக.

மண்டபத்தில் பிளேயரைப் பார்த்துக்கொண்டது மாப்பிள்ளையின் சித்தப்பா மகன், அவரும் பிரான்சிலிருந்து வந்தவர். தட்டை நான் பத்திரமாகக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். அவர் நடுவில் பார்த்தார், ஒரு குச்சியைத் தள்ளினார், ஊசியை வைத்தார்.

எங்கள் பாட்டு தலைதெறிக்க ஓட ஆரம்பித்தது. அந்த நாற்பத்தைந்து வயது ஆளைக் காணோம். பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி கீச்சுக் குரலில் படபடவென்று பாடினாள்.

எனக்கு முதலில் தோன்றியது வோல்டேஜ். பாய்ந்து போய், "வோல்டேஜ் ஏறிடுச்சு, தட்டு உருகிடும், நிறுத்துங்க" என்றேன்.

"வோல்டேஜெல்லாம் இல்ல முசியே. நாப்பத்தஞ்சுல ஓட வேண்டியது, நாப்பத்தஞ்சுல ஓடுது. இங்க பாருங்க, போட்டிருக்கு."

பார்த்தேன். மூன்று மாதமாகப் பார்த்த அதே 45. முடிவெட்டுகிறவர், ஹாஸ்டல் பையன், டீக்கடை, எத்தனை கேசட் என்று மனசு எண்ணத் தொடங்கிவிட்டது.

நடுவே மாப்பிள்ளை குதிக்காத குறையாக ஆடிக்கொண்டிருந்தார். தங்கச்சி வலப்பக்கம் முதல் அடி வைப்பதற்குள் அவர் இடப்பக்கம் போய்த் திரும்பி வந்துவிட்டார். இரண்டாவது சுற்றில் அவர் கால் அவள் முக்காட்டு வலைமேல் ஏறிவிட்டது. சபையில் யாரோ சிரித்தார்கள். அத்தை தன் மகளின் தோளைத் தொட்டார். அந்தப் பெண் எழுந்து புடவை மடிப்பைச் சரிசெய்தாள்.

தங்கச்சி அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, நம்ம பாட்டைப் போடுங்க."

"இதாம்மா நம்ம பாட்டு."

"இது இல்ல. நம்ம பாட்டு."

நான் பிளேயர்க்காரரைப் பார்த்தேன். அவர் கையை அகல விரித்துப் பிளேயரை மறைத்துக்கொண்டார். "அது தப்பு. தப்பா ஓட்ட மாட்டேன். கேக்குறவங்க என்னை இன்னா நினைப்பாங்க?"

தங்கச்சி மாப்பிள்ளை காலடியிலிருந்து வலையை உருவிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சபைக்குக் குறுக்கே நடந்துவந்தாள். மணப்பெண் வந்து நின்றால் எந்த ஆம்பளைதான் கையை விரித்துக்கொண்டு நிற்க முடியும். அவர் நகர்ந்தார். அவள் வேகம் மாற்றும் அந்தக் குச்சியை முப்பத்து மூன்றுக்குத் தள்ளினாள்.

பாட்டு மெல்ல இறங்கி, யானை உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது. அந்தப் பெண் குரல் எங்கள் கண்ணெதிரே கனத்து, ஜலதோஷம் பிடித்து, எங்கள் ஆளாக மாறியது. மில்லு ஆட்கள் பக்கம் ஒரு பெருமூச்சே கேட்டது.

மாப்பிள்ளை நின்ற இடத்திலேயே நின்று, "இது இன்னாது?" என்றார்.

"நான் இதுக்குத்தான் ஆடுவேன். வர்றீங்களா, எங்கம்மாவைக் கூப்பிடட்டுமா?"

அவர் முன்வரிசையைப் பார்த்தார். அம்மா ஏற்கனவே புடவையைச் சொருக ஆரம்பித்திருந்தார்.

மாப்பிள்ளை வந்துவிட்டார். வந்ததும் கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார், பிளேயருக்குப் பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது: "நல்லதாப் போச்சு. ரெண்டு மாசமா ரூம்ல நாற்காலியைப் பிடிச்சிக்கினு ஆடி எனக்கு முட்டி போயிடுச்சு."

"மூச்சு வாங்குறீங்களே" என்றாள் தங்கச்சி. "சரி, எங்கம்மா மாதிரியே. வலப்பக்கம் ரெண்டு."

அவள்தான் அவரை நடத்தினாள். வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு, நின்று ஒரு சுற்று. மூன்றாவது சுற்றில் அவருக்கும் வந்துவிட்டது. வயதான சொல்தாக்கள் ஒவ்வொருவராக மனைவியைக் கூட்டிக்கொண்டு எழுந்தார்கள். முட்டிக்கு ஏற்ற பாட்டு இத்தனை வருடத்தில் இதுதான் முதல் என்று ஒருவர் எனக்கே கைகொடுத்தார். அத்தை எழவில்லை. அத்தை மகள் எழுந்தே நின்றதால் அவளை என் நண்பனோடு ஆட யாரோ தள்ளிவிட்டார்கள். தங்கச்சியின் கையைப் பிடிக்க வெட்கப்பட்டு வாசலுக்கு ஓடினவன், இங்கே எட்டு நிமிஷமும் ஓடவில்லை.

மறுநாள் காலை பிளேயர்க்காரர் ஒரு புதுக் கேசட்டோடு என் வீட்டு வாசலில் நின்றார். முகத்தில் ஒரு சங்கடம்.

"அந்தத் தப்பான பாட்டு ஒரு காப்பி வேணும். அங்க கொண்டுபோயி ரெண்டு பேருக்குப் போட்டுக் காட்டணும். இதை அங்க யாரும் கேட்டதில்ல."

பிரான்சிலிருந்து முதலியார்பேட்டைக்கு வந்த பாட்டுகள் எனக்குத் தெரியும். முதலியார்பேட்டையிலிருந்து பிரான்சுக்கு ஒன்று கிளம்புவது அன்றுதான். பதினெட்டு நிமிஷத்து ஒட்டுப்பாட்டே போட்டுத் தருகிறேன் என்று கேசட்டைச் செருகினேன். நண்பனின் அம்மாவும் பலகாரத் தட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார். பாட்டு ஆரம்பித்த அரை நிமிஷத்தில் பிளேயர்க்காரரின் கை தானாக அந்தக் குச்சியை நோக்கிப் போனது.

"கையை எடு தம்பி" என்றார் அம்மா.

எடுத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி போனது. பழக்கதோஷம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அம்மா அந்தக் கையில் ஒரு அதிரசத்தை வைத்தார், மறு கையில் இன்னொன்றை வைத்தார், கேசட் முடிகிறவரை எதையும் கீழே வைக்க விடவில்லை.