கோல்கீப்பரின் அம்மா இறந்த அன்று

எங்கள் டீமில் புதிதாகச் சேரும் எவனுக்கும் முதலில் என் அம்மா செத்த கதையைச் சொல்லிவிடுவார்கள். சொல்பவர் கிளப் செயலாளர். தஞ்சாவூரில் உரக்கடை வைத்திருப்பவர். “கோச் மாலத்தீவுல ஆடிட்டிருந்தப்ப அவங்க அம்மா தவறிட்டாங்க. அன்னிக்கு சாயங்காலமே மேட்ச். மனுஷன் எறங்கி கோல் போட்டாரு. அதாண்டா ஆட்டம்” என்பார். நான் பக்கத்தில் குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருப்பேன். ஒரு தடவைகூட அவரை நிறுத்தியதில்லை.

நடந்தது வேறு. விடியற்காலையில் சித்தப்பா போன் செய்தார். எனக்கு அடுத்த விமானம் மறுநாள்தான். மழை பிடித்துக்கொண்டது, அதுவரை வைத்திருக்க முடியாது, இன்றே எடுத்துவிடுகிறோம் என்றார். நடவு நட்டு, களை பறித்து என்னை ஆளாக்கியவளுக்குச் சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். யாரோ வீடியோ காலில் காட்டினார்கள். ஆட்களின் முதுகும் குடைகளும்தான் தெரிந்தன. அதன்பிறகு அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். அதனால் மைதானத்துக்குப் போனேன். பந்து எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் ஓடினேன். ஏதோ ஒன்று காலில் பட்டு உள்ளே போயிற்று. அதற்கு என்னைத் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள்.

பிறகு முழங்கால் போயிற்று, ஊருக்குத் திரும்பினேன். வெளிநாட்டில் ஆடியவன் என்று மாவட்ட லீக்கின் இரண்டாம் டிவிஷனில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு டீமை என் தலையில் கட்டினார்கள். ஆட்டக்காரர்கள் என்றால், அறுவடை மெஷின் ஓட்டுபவன், ரைஸ் மில்லில் மூட்டை தூக்குபவன், செல்போன் கடையில் நிற்பவன். தாளடி நெல் அறுவடை வந்துவிட்டால் பதினொரு பேர் சேர்வதே பெரும்பாடு. நான் அவர்களைத் திட்டாத நாள் கிடையாது. அவர்களும் என் முதுகுக்குப் பின்னால் என்னை ‘ஃபாரின்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

சென்ற ஆண்டு கடைசி ஆட்டம். டிரா செய்தால் போதும், இரண்டாம் டிவிஷனில் நின்றுவிடுவோம். தோற்றால் கீழே இறங்குவோம். இறங்கினால் டீமைக் கலைத்துவிடுவதாகச் செயலாளர் முன்பே சொல்லியிருந்தார். அந்த டீம் இல்லையென்றால் நான் ஊரில் முழங்கால் போன ஒருவன், அவ்வளவுதான்.

அன்று காலை எங்கள் கோல்கீப்பரின் அம்மா இறந்துவிட்டார். திருவையாற்றுக்குப் பக்கத்தில் கிராமம். அறுவடை மெஷின் ஓட்டுகிறவன் அவன்தான். வீட்டுக்கு ஒரே மகன். ஆட்டம் முடிந்ததும் மாலை வாங்கிக்கொண்டு எல்லோரும் போவதென்று முடிவு செய்து, நடுக்களத்தில் ஆடுபவனிடம் கிளவுஸைக் கொடுத்தேன். ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது கோல்கீப்பர் பைக்கில் வந்து இறங்கினான். தோளில் பை. முகம் வீங்கியிருந்தது.

“எடுக்க அஞ்சரை ஆகும்ணே. அக்கா சென்னையிலேர்ந்து வந்துக்கிட்டிருக்கு. அதுக்குள்ள ஆடிட்டுப் போயிடறேன்” என்றான்.

செயலாளர் அவன் தோளைத் தட்டினார். “இவன் ஆட்டக்காரன். கோச்சைப் பாத்து வளந்தவன்ல.”

ஆடட்டுமே என்று ஒரு கணம் நினைத்தேன். நினைக்கவில்லை என்றால் அது பொய்.

“வீட்டுக்குப் போடா” என்றேன்.

“நீங்களே ஆடினீங்கல்லண்ணே.”

“எனக்கு அன்னிக்கு ஃப்ளைட் இல்லடா. உனக்கு பைக் இருக்கு.”

செயலாளர் குறுக்கே வந்தார். “அவனே ஆடறேங்கறான், நீங்க ஏன் சார் தடுக்கறீங்க?”

“இன்னொரு தடவ எங்கம்மா கதைய எடுத்தீங்கன்னா மரியாத கெட்டுடும்” என்றேன்.

கோல்கீப்பர் பையைத் திறந்து பூட்ஸை எடுக்கப் போனான். பைக் சாவியை வாங்கி, அவனைப் பின்னால் உட்காரவைத்து நானே ஓட்டினேன். கடைசி ஆட்டத்தன்று டீமை அப்படியே போட்டுவிட்டுப் போன கோச் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆற்றுப்பாலம் தாண்டும்போது, “கார்னருக்கு போஸ்ட்ல ஆள் நிறுத்தச் சொன்னீங்களாண்ணே?” என்று கேட்டான். சொல்லியிருக்கிறேன் என்றேன்.

அவன் அம்மாவை முன்பு ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். மைதானத்துக்கு வந்தவர், “எம் மவங்கிட்ட பந்தே வரமாட்டேங்குதே, ஏந்தம்பி?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். வராமல் இருந்தால்தான் நமக்கு நல்லது என்று சொன்னதை அவர் நம்பவே இல்லை. இப்போது ஐஸ்பெட்டிக்குள் படுத்திருந்தார். மகன் தலைமாட்டில் போய் உட்கார்ந்தான்.

அக்கா வந்து சேர்ந்ததும் எடுத்தார்கள். நானும் தோள் கொடுத்தேன். சுடுகாட்டில் அவன் மொட்டை அடித்துக்கொண்டு, குடத்தைத் தூக்கிச் சுற்றி வந்து, கொள்ளி வைத்தான். பக்கத்தில் நின்று ஒன்றுவிடாமல் பார்த்தேன். மகன் செய்யவேண்டியது இவ்வளவுதான். இதற்குத்தான் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

பம்புசெட்டில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு வரப்பில் வரும்போது அவன் கேட்டான்.

“மேட்ச் என்னாச்சுண்ணே?”

கேப்டன் ஏற்கெனவே போன் செய்திருந்தான்.

“தோத்துட்டோம். ரெண்டு கோல்.”

“நான் இருந்திருந்தா?”

இல்லை, உன்னாலும் முடிந்திருக்காது என்று சொல்லத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை.

“நீ இருந்திருந்தா நின்னிருப்போம்டா.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். கோபப்படவில்லை, வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. அவன் இரண்டு அடி நடந்திருப்பான். நான் அப்படியே வரப்பில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதேன். என் அம்மாவுக்காக நான் அதுவரை அழுததே இல்லை. அவன் திரும்பி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தான். இழவு வீட்டுக்காரனே எனக்கு ஆறுதல் சொல்லும்படி ஆயிற்று.