மெஷினிடம் கேட்டவை

ஈப்போவில் லாரி உதிரிபாகம் விற்கும் கடை ஒன்றில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் நடுவில் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. பொருளின் பெயரைத் தட்டினால் அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்டும். வந்த முதல் நாளே, கடையின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி மறந்துபோயிருந்த ஒரு பழைய பம்ப் மேல்மாடியில் கடைசி அலமாரியில் இருப்பதாகக் காட்டியது. ஏறிப் பார்த்தோம். எலி கடித்த பெட்டிக்குள் இருந்தது. பழைய கணக்குகளைப் பார்த்து யாரோ உள்ளே ஏற்றியதுதான் அது என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. கீழே வந்த பிறகு வெகுநேரம் அதன் பக்கத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

அந்தக் கிராணி அண்ணன், லாரி டிரைவர், நான் என மூன்று பேருக்கும் அந்த ஒரு மெஷின்தான். பம்பைக் கண்டுபிடித்தது மற்றதையும் அறிந்திருக்கும் என்று நம்பினேன். மதியம் கடை காலியாக இருந்த ஒரு நாள், யாரிடமும் கேட்க முடியாத ஒன்றை அதனிடம் மலாய் மொழியில் தட்டிக் கேட்டேன்: சிவப்பு ஐசியை நீலமாக மாற்ற முடியுமா? ‘இல்லை’ என்று மட்டும் பதில் வந்தது. அது கேள்விக்கான பதில் என்றே எடுத்துக்கொண்டு அன்று முழுவதும் மனம் சரியில்லாமல் இருந்தேன்.

நான் காம்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பிறப்பை யாரும் பதியவில்லை. அதனால் மலேசியாவிலேயே பிறந்தும், குடிமக்களுக்குரிய நீல ஐசி இல்லை; குடியுரிமை இல்லாதவர்களுக்குரிய சிவப்பு அடையாள அட்டைதான் எனக்கு. சிவப்பு ஐசிக்காரர்களிடம் வேலை பெர்மிட் கேட்டு, இல்லாதவர்களை வேலையிலிருந்து நிறுத்திய காலத்தைத் தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். கடையில் சேர்ந்தபோது ஐசி எண்ணைத்தான் கேட்டார்கள், நிறத்தைக் கேட்கவில்லை. நானும் பையை விட்டு அதை வெளியே எடுத்ததில்லை.

சில மாதம் கழித்து, மெஷினைப் பார்க்கத் தைப்பிங்கிலிருந்து ஒரு சீன இளைஞர் வந்தார். பிரிண்டரை இயக்கினார். தேடிக் கிடைக்காத சொற்களை எல்லாம் மெஷின் சேர்த்து வைக்கும், கடையில் என்ன பொருள் இல்லை என்று முதலாளி பார்த்து வாங்கிப் போடத்தான் அந்த ஏற்பாடு என்று விளக்கினார். என் கேள்வியும் அதில் இருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. முதலாளி லூமுட்டுக்குப் போயிருந்தார். சாயங்காலம் திரும்பியதும் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்.

இளைஞர் முதல் பக்கத்தைச் சிரித்துக்கொண்டே வாசித்தார். பிரேக் பட்டைகளுக்கு நடுவில், ஞாயிற்றுக்கிழமை லாட்டரியில் முதல் பரிசு எந்த நம்பருக்கு என்று ஒரு கேள்வி.

“மெஷின்கிட்டயாடா நம்பர் கேட்ட?” என்றார் கிராணி அண்ணன்.

டிரைவர் கொஞ்சமும் அசரவில்லை. “சாமி மரத்துக்கிட்ட நம்பர் கேட்டேன், சொல்லல. இதுவாச்சும் சொல்லுமான்னு பாத்தேன்லா அண்ணே.”

எல்லாப் பக்கங்களையும் மேசையில் வைத்துவிட்டு இளைஞர் கிளம்பினார். டிரைவர் அவரைப் பஸ் நிலையத்துக்கு ஏற்றிப் போனார். நான் தாளை என் பக்கம் இழுத்தேன். இரண்டாம் பக்கத்தில் என் கேள்வி இருந்தது. ஆனால் சிவப்பு ஐசி அந்தப் பக்கத்தில் மூன்று இடங்களில் வந்தது. நான் ஒரு முறைதான் தட்டியிருந்தேன். திரும்பப் படித்தேன். மனைவிக்குச் சிவப்பு ஐசி என்றால் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்று ஒன்று. சிவப்பு ஐசிக்காரர் நீலத்துக்கு விண்ணப்பித்தால் எத்தனை வருடம் ஆகும் என்று இன்னொன்று. டிரைவருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

நிமிர்ந்தேன். கிராணி அண்ணன் எதிரில் நின்று அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் கறை படாத வெள்ளைச் சட்டை, எதற்கும் யாரிடமும் சந்தேகம் கேட்காத மனிதர். ஐந்து வருடமாக ஒரே மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து இதையே இருவரும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அந்தப் பச்சை எழுத்துப் பெட்டி அதை ஒரே பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டது. பம்பைப் பார்த்தபோதுகூட நான் அவ்வளவு மலைத்துப்போகவில்லை.

அவர் அந்தப் பக்கத்தை மட்டும் ஓரத்து ஓட்டை வரிசையோடு கிழித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அதில் இருந்த இரண்டு கேஸ்கட் பெயர்களை அடுத்த பக்கத்தின் அடியில் பேனாவால் எழுதிச் சேர்த்தார். பிறகுதான் பேசினார்.

“திங்கக்கெழம ரெஜிஸ்ட்ரேஷன் ஆபீசுக்குப் போறேன் தங்கச்சி. உனக்கும் ஒரு ஃபாரம் எடுத்துட்டு வாரவா?”



“ரெண்டா எடுத்துட்டு வாங்கண்ணே,” என்றேன். “அம்மாவோடதும் செவப்புதான்.”