நாள் கடந்தும் வராத வலி

என் முதல் பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்தபோது அறுபதுகள் தொடங்கியிருந்தன. கோயிலின் மேற்கு வாசலான பேகோபுரத்துக்குப் பின்னால் எங்கள் வீடு. அப்பா கோயில் வாசலில் பூஜை சாமான் கடை வைத்திருந்தார். வீட்டில் அம்மாவோடு, பின்னால் அக்காவும் சேர்ந்துகொண்டாள். போளூரில் வாழ்க்கைப்பட்டவள். முந்தைய வருஷம் அவளும் தலைப்பிரசவத்துக்கு வந்து, பின்கட்டு அறையில் மருத்துவச்சி கையில் ஒரு ஆண் பிள்ளையைப் பெற்றாள். பிள்ளை அழவில்லை. அசையவும் இல்லை. ஊருக்குத் திரும்பிப் போனவள், எனக்கு மாசம் நெருங்கியதும் வந்து சேர்ந்தாள். அம்மா கூப்பிடவில்லை. அவளாகத்தான் வந்தாள்.

வந்த மறுநாளே என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். நர்ஸம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "நல்லா நடங்க. குழந்தை அசைவு கம்மியா தெரிஞ்சா உடனே வந்துடுங்க" என்றார். அம்மாவுக்கு இதில் இஷ்டமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் வயிற்றைக் கிழித்துவிடுவார்கள் என்பது அவள் பயம். எங்கள் எல்லோரையும் அவள் வீட்டில்தான் பெற்றிருந்தாள்.

மருத்துவச்சி சொன்ன நாள் வந்து போனது. வலி மட்டும் வரவில்லை. அம்மா தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்யத் தொடங்கினாள். குந்தி உட்கார்ந்து கூடத்தைத் துடைக்கச் சொன்னாள். இடுப்பில் விளக்கெண்ணெய் தடவி வெந்நீர் ஊற்றினாள். எள்ளும் வெல்லமும் இடித்து உருட்டிக் கொடுத்தாள். ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் தன் முழங்கையில் விட்டுச் சூடு பார்ப்பாள்.

விடிந்ததும் அக்கா என்னை நடக்கக் கூட்டிப்போவாள். செங்கம் ரோட்டில் ஆசிரமம் வரை போய்த் திரும்புவோம். வலம் வரவேண்டிய மலையை இடப்பக்கம் வைத்துத் திரும்பி வருவது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"மல சுத்தறதுன்னா முழுசா சுத்தணும். பாதியில திரும்பக் கூடாது."

"இது சுத்தறது இல்லம்மா. இடுப்பு எலும்பு விட்டுக்கொடுக்கறதுக்கு நடக்கறது" என்றாள் அக்கா.

வழியில் நான் களைத்தால் புளியமரத்தடியில் உட்கார வைப்பாள். "அசையுதா?" என்பாள். நான் தலையாட்டினால்தான் எழுந்திருப்பாள். அவள் தன் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த ஒரு கேள்வியிலேயே எல்லாம் இருந்தது. எனக்குப் பயமாக இருக்கும். அவள் இல்லாவிட்டால் இன்னும் பயமாக இருக்கும்.

ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மாள் கிணற்றடியில் வந்து, அக்கா காதில் விழும்படியே அம்மாவிடம் சொன்னாள்: "பெரியவள எதுக்குக் கூட அனுப்பறீங்க? நாள் தள்ளிப் போறதே அதனாலதானோ என்னமோ."

அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலையில் அக்கா முடி பின்னாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "அம்மாகூட போயிட்டு வா" என்றாள். நான் அவள் பக்கத்தில் சிரமப்பட்டு உட்கார்ந்துகொண்டேன். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்தாள். வெயில் ஏறும்வரை மூன்று பேரும் அப்படியே இருந்தோம். அன்று யாரும் நடக்கவில்லை.

அதற்கடுத்த நாள் அம்மா சூடான பாலில் விளக்கெண்ணெயைக் கலந்து கொடுத்தாள். அக்கா வேண்டாம் என்றாள். "இதான் கடைசி. வயிறு கலங்குனா வலி தானா வரும்" என்றாள் அம்மா. நானும் சலித்துப்போயிருந்தேன். குடித்துவிட்டேன்.

வயிறு கலங்கியது. வாந்தியும் பேதியுமாக எழுந்து உட்கார முடியாமல் போனது. நடுவில் அடிவயிற்றில் சுருட்டிச் சுருட்டி வலித்தது. அம்மா முகம் மலர்ந்து, சீரகத்தை வறுத்துக் கஷாயம் வைத்தாள். சூட்டு வலி என்றால் கஷாயத்தில் அடங்கிவிடும், பிள்ளை வலி என்றால் கூடும் என்பது அவள் கணக்கு. வலி அடங்கிவிட்டது. நான் பாயில் துணிபோலக் கிடந்தேன்.

பகல் சாய்கிற நேரத்தில் அக்கா என் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"கடைசியா எப்ப அசைஞ்சது?"

யோசித்துப் பார்த்தேன். "பால் குடிக்கறதுக்கு முன்னாடி."

அம்மா அடுக்களையிலிருந்து சொன்னாள்: "பிள்ள கீழ எறங்கிட்டா அசைவு கம்மியாதான் இருக்கும். அதுக்கு எடம் எங்க இருக்கு?"

அக்கா எழுந்து அடுக்களை வாசலில் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "போன வருஷமும் நீ இதேதாம்மா சொன்ன."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா தெருவுக்குப் போய் ஒரு ஜட்கா வண்டியை அழைத்து வந்தாள். என்னைக் கைத்தாங்கலாக ஏற்றினாள். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தடுக்கவும் இல்லை, வரவும் இல்லை. வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் ஏறி இறங்கும்போது அக்கா "இப்ப?" என்றாள். நான் இல்லை என்று தலையசைத்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சின்ன மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதை அழுத்தினார். அவர் கண்ணை மூடியிருந்ததையே நானும் அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தோம். "துடிப்பு இருக்கு. சோர்ந்து போயிருக்கு" என்றார். அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குக் கையில் தண்ணீர் ஏற்றினார்கள். டாக்டரம்மா வந்து பார்த்து, பனிக்குடத்தை உடைத்து, கடைசியில் ஆயுதம் போட்டு எடுத்தார். பெண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. நீலம் பாரித்துக் கிடந்ததைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார்கள். நான் என் வலியை மறந்து அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வந்தது. பூனைக்குட்டியின் குரல்போல மெலிந்த சத்தம்.

அக்காவை உள்ளே விட்டபோது அவள் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. ஏறி இறங்கும் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்கிக்கோக்கா."

"அப்புறம் தூக்கறேன்" என்றாள்.

தூக்கவே இல்லை. தொட்டில் போடும் நாளுக்கு முன்பே போளூருக்குக் கிளம்பிவிட்டாள். கிளம்பும் காலையில் அம்மா அவள் பையில் முறுக்கை வைத்துக்கொண்டே, "எனக்குத் தெரிஞ்சதத்தானே செஞ்சேன்" என்றாள். அக்கா, "தெரியும்மா" என்றாள். அவர்கள் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டது அவ்வளவுதான்.

சில வருஷம் கழித்து அக்காவுக்கு ஒரு மகன் பிறந்தான். பிரசவத்துக்கு அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொண்டாள். தகவல் தெரிந்ததும் அம்மா லேகியம் கிளறி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வார்டு வராந்தாவில் கூப்பிடும்வரை உட்கார்ந்திருந்தாளாம். அக்கா கூப்பிட்டாள். பிள்ளையைக் குளிப்பாட்டவும் விட்டாள். "வீட்டுக்கு வர்றியா?" என்று அம்மா கேட்டபோது மட்டும், பிள்ளையைத் திரும்ப வாங்கி அதன் தலையைத் துவட்டத் தொடங்கினாள்.