மணிக்கட்டில் சுற்றிய கயிறு

முகத்துவாரக்குப்பத்தில் சுறா வேட்டைக்குப் போகிறவர்களை அந்த யுத்த வருஷங்களில் எல்லோரும் பொறாமையோடு பார்த்தார்கள். சீமையிலிருந்து மீன் எண்ணெய்ப் புட்டிகள் வருவது நின்றுபோனதால், எண்ணெய் எடுக்கச் சுறா ஈரல் வாங்கக் கரையிலேயே ஆள் காத்திருப்பான். ஆனால் பதினாறு வயசுக் கோதண்டத்துக்கு, விடிகாலையில் கட்டுமரத்தைத் தண்ணீரில் தள்ளும்போதே பயம் பிடித்துக்கொள்ளும். அவன் அப்பாவின் வலது கையில் மூன்று விரல்கள் கிடையாது. சுறா கடித்துப் போனவையல்ல. சுறா இழுத்த கயிறு அறுத்துப் போனவை.

ஆகவே கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது என்பது அவனுக்குத் தெரியாத சங்கதியில்லை. உள்ளங்கையில் பிடிக்க வேண்டும். மீன் மிஞ்சினால் விட்டுவிட வேண்டும். கயிற்றின் மறுமுனையில் கட்டிய மிதப்புக்கட்டை தண்ணீர்மேல் ஓடும், துரத்திப் பிடிக்கலாம். போன வாரம் அப்படித்தான் விட்டான். மிதப்பு உள்ளே போனது போனதுதான், மேலே வரவேயில்லை.

துடுப்புப் போடும் ராமதாஸ் அன்றிலிருந்து அவனைச் சும்மா விடவில்லை.

"இன்னா நைனா, இன்னிக்கும் கயித்த தானம் பண்ணப் போறியா? சொல்லிடு, வூட்டாண்ட எறக்கி வுட்டுடறோம். உங்கம்மாகூட மீன் கூடை தூக்கு."

கட்டுமரத்துக்குச் சொந்தக்காரர் தாய்மாமன் கருணாகரன். அவர் சிரிக்கவில்லை. "இன்னொரு வாட்டி வுட்டீன்னா வேற ஆளத்தான்டா பாக்கணும்" என்றார். அதுதான் சுருக்கென்று தைத்தது.

கரைப் பனைகள் கண்ணுக்கு மறைந்த தூரத்தில் தூண்டில் போட்டார்கள். முதலில் ஏறிய சின்னச் சுறா, மண்டையில் அத்தனை அடி வாங்கியும், கோதண்டத்தின் முழங்காலுக்குப் பக்கத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பயந்து கடலைப் பார்த்தான். கடலைப் பார்த்தால் காணாமல் போன மிதப்புதான் ஞாபகம் வந்தது. மற்ற இருவரும் அந்தப் பக்கம் திரும்பிய நேரம், கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். இனி விட நினைத்தாலும் விட முடியாது.

இழுத்தது. குப்புற விழுந்தான். மார்புவரை தண்ணீருக்குள் போய்விட்டான். ராமதாஸ் பாய்ந்து அவன் கால்களைக் கட்டிப் பிடித்தான்.

"அண்ணே, சுத்திக்கினுகீறான்! அறு, அறு!"

கண் திறந்தே இருந்தது. கீழே பச்சை, அதற்கும் கீழே கறுப்பு. அந்தக் கறுப்பு அசைந்தது. அலறினான், உப்புத் தண்ணீர்தான் தொண்டைக்குள் இறங்கியது. தோளோடு கை கழன்று போகிறது என்று நினைத்தபோது, கயிறு தளர்ந்தது.

கட்டுமரத்தின்மேல் கிடந்து இருமினான். மணிக்கட்டைச் சுற்றித் தோல் உரிந்திருந்தது. கருணாகரன் கயிற்றை அறுத்த கத்தியை இடுப்பில் செருகினார். அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"ஏண்டா சுத்துன?"

"வேற ஆளப் பாப்பேன்னியே மாமா."

"அதுக்கோசரம் கையவே குடுப்பியாடா, கஸ்மாலம்?" என்றது ராமதாஸ்தான். குரலில் கிண்டல் இல்லை.

கருணாகரன் வேறு தூண்டில் எடுத்து, புது மிதப்புக் கட்டி, கயிற்றை அவனிடமே நீட்டினார். "இடது கைல புடி. சும்மா புடி, போதும்."

உச்சி வெயிலில் மறுபடி இழுத்தது. விரல்கள் தாமாகவே இறுகிக்கொண்டன. பற்கள் கிட்டிப் போயின. ஒவ்வொரு விரலாகப் பிரித்தான்.

"வுட்டுட்டேன் மாமா!"

மிதப்புக்கட்டை நுரை கிளப்பிக்கொண்டு தெற்கே ஓடியது.

"போவட்டும், போவட்டும்" என்றபடி கருணாகரன் கட்டுமரத்தின் பாயை மிதப்பு ஓடிய பக்கம் திருப்பினார். ராமதாஸ் துடுப்பை எடுத்தான். உரிந்த கையோடு கோதண்டமும் ஒன்றை எடுத்தான்.