கிணற்று மேட்டில் ஓர் ஓலைக் குச்சு

போன மாதம் என் மகள் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, தோட்டத்தில் விருந்து வைப்பதற்கான அலங்காரப் படங்களைக் காட்டினாள். மரக்கிளைகளில் கண்ணாடிக் குடுவைகள், அவற்றுக்குள் குட்டி விளக்குகள், புல்தரையில் காளான் மாதிரி நாற்காலிகள். யாருக்கும் தெரியாத தோட்டத்தில் தேவதைகள் கூடிச் சாப்பிடுவது போல இருக்க வேண்டுமாம். தன் சிநேகிதிகளுக்காக நம் வீட்டுப் பின்புறத்தில் அப்படி ஒன்று செய்து தரச் சொன்னாள். செய்யலாம், ஆனால் தென்னை ஓலை மட்டும் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில், ஏரிக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் கழனி உண்டு. கழனி ஓரத்தில் கிணறு, பம்புசெட்டுக் கொட்டகை, சில தென்னைகள், தாழ்ந்த கிளையோடு ஒரு கொடுக்காப்புளி மரம். அந்த இடத்தைக் கிணற்று மேடு என்போம். இது நடந்தபோது நான் மூன்றாவது முடித்திருந்தேன். அக்கா ஒன்பதாவது முடித்திருந்தாள், அதுவும் வகுப்பில் முதலாவதாக.

எங்கள் தெருவில் ஒரு பெண் எதுவரை படிப்பாள் என்பதை வகுப்பை வைத்து யாரும் சொல்வதில்லை. அவள் பெரிய மனுஷி ஆகும் நாள் வரை படிப்பாள். அன்று தாய்மாமன் வந்து பச்சைத் தென்னை ஓலையில் ஒரு சின்னக் குடிசை கட்டுவார். அதற்குக் குச்சு என்று பெயர். அந்தப் பெண்ணை அதற்குள் உட்கார வைத்து, தனித் தட்டும் தனி டம்ளரும் கொடுத்து, வாசலில் உலக்கையைக் குறுக்கே போடுவார்கள். பிறகு ஒரு நாள் மைக் செட் வைத்து விருந்து நடக்கும். அதோடு அவளுடைய சைக்கிள் தம்பிக்குப் போய்விடும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஏழாவதிலேயே அப்படி ஆனது.

எங்கள் நைனா, அதாவது அப்பா, கெட்டவர் இல்லை. ஊர் போகிற வழியில் போகிறவர். அக்காவின் படிப்பைப் பற்றி யாராவது கேட்டால், ஆகிற வரைக்கும் போகட்டும் என்பார். அக்காவுக்கோ பத்தாவது பரீட்சை எழுதியே தீர வேண்டும். மேல் தெருப் பெண்ணிடம் பத்தாவது புத்தகங்களைக் கேட்டு வாங்கி, லீவு விட்ட வாரமே செய்தித்தாளில் அட்டை போட்டு வைத்துவிட்டாள். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பெரிய மனுஷி ஆவது என்றால் என்ன என்பது மட்டும் தெரியாது. மாமாவுக்கு எப்போது வசதிப்படுகிறதோ அப்போது வைக்கும் ஏதோ விழா என்றுதான் நினைத்திருந்தேன். நாலைந்து விழாவில் கேசரி சாப்பிட்டிருந்ததால் எனக்கு அந்த விழாவின் மேல் நல்ல அபிப்பிராயம் இருந்தது.

அந்தக் கோடை லீவுக்குத் தாம்பரத்திலிருந்து சின்னம்மா மகள் வந்தாள். என் வயதுதான். அவள் தோழி ஒருத்தியின் பிறந்த நாளை அடுக்குமாடித் தோட்டத்தில் கொண்டாடினார்களாம். மரமெல்லாம் பலூனாம், கலர் காகிதமாம். வந்த நாளிலிருந்து அதே பேச்சு. எங்கள் ஊரை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நாமும் வைப்போம் என்றேன். அக்கா முதல் மார்க் வாங்கியதற்கு அவளுக்கே தெரியாமல் கிணற்று மேட்டில் ஒரு ரகசிய விருந்து.

பலூனுக்கு நாங்கள் எங்கே போவது? இருந்ததை வைத்துச் செய்தோம். தறி போடுகிற வீட்டில் கழித்துப் போட்ட பட்டு நூல் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, கொடுக்காப்புளிக் கிளைகளில் குஞ்சம் குஞ்சமாகக் கட்டினோம். காலி டானிக் பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் சொட்டு நீலம், ஒன்றில் மஞ்சள், ஒன்றில் கசக்கிய செம்பருத்தி என்று கலந்து தொங்கவிட்டோம். வெயில் பட்டதும் தரையில் கலர் கலராக வெளிச்சம் ஆடியது. குருவி விரட்ட நைனா வைத்திருந்த கேசட் நாடாவைக் கிணற்றுக்கும் மரத்துக்கும் இழுத்துக் கட்டினோம். காற்றில் அது மின்னிக்கொண்டே ரீங்காரம் போட்டது. கோவைப் பழங்களை முள்ளில் செருகினோம். தாம்பரத்துக்காரியே வாயடைத்துப் போனாள்.

ஆனாலும் அவளுக்கு ஒரு குறை. ராணி உட்கார ஒரு ரகசிய வீடு வேண்டுமாம். அதற்கும் என்னிடம் வழி இருந்தது. முந்தின நாள்தான் மரம் ஏறுகிறவர் வந்து ஓலை கழித்துப் போட்டிருந்தார். பச்சை ஓலைகளை இழுத்து வந்து தாழ்ந்த கிளையில் சாய்த்து, வாழை நாரால் கட்டினேன். எறும்பு வராமல் இருக்க வேப்பிலை செருகினேன். உட்கார வீட்டிலிருந்து மணைப்பலகை கொண்டு வந்தோம். ராணிக்கு எல்லோருடனும் சேர்த்துப் பரிமாறலாமா? அவளுக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் எடுத்து வந்தோம். மேய்கிற ஆடுகள் உள்ளே நுழைந்து பிஸ்கெட்டைத் தின்றுவிடுமே என்று, மாட்டுக் கொட்டகையில் கிடந்த உலக்கையை இரண்டு பேருமாக உருட்டி வந்து வாசலில் குறுக்கே போட்டோம்.

இப்போது நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு அப்போது ஒன்றுமே உறைக்கவில்லை. பாட்டிலும் நாடாவும் தொங்குகிற ஒன்றைக் குச்சு என்று எந்தப் பையன் நினைப்பான்?

அம்மா அன்று சந்தைக்குப் போயிருந்தாள். அக்காவின் கண்ணைத் துண்டால் கட்டி அழைத்து வந்து, கிணற்று மேட்டில் அவிழ்த்தோம். நாடாவையும் பாட்டில்களையும் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு குடிசையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

“இத யார்றா கட்னது?”

நான்தான் என்றேன் பெருமையாக.

“யாரு கட்டச் சொன்னா? அம்மாவா?”

அம்மாவுக்குத் தெரியாது, இது ரகசியம் என்றேன். அவள் மூச்சை விட்டு, பிரித்துப் போடச் சொன்னாள். சின்னம்மா மகளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. காலையிலிருந்து பட்ட பாடு அல்லவா? அக்கா அவளைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான் என்று சொல்லிவிட்டு, குனிந்து உள்ளே போய் மணையில் உட்கார்ந்தாள். நாங்கள் அவள் தலையில் கனகாம்பரம் வைத்தோம். மிக்சரும் கடலை உருண்டையும் தட்டில் வைத்தோம்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அத்தை மாட்டுக்குப் புல் அறுக்க வேலி ஓரமாக வந்தார். எங்களை எட்டிப் பார்த்தார். பச்சை ஓலை, வேப்பிலை, உலக்கை, தனித் தட்டு, தலை நிறையப் பூவோடு குனிந்து உட்கார்ந்திருக்கும் அக்கா. ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையிலிருந்த அரிவாளை அங்கேயே போட்டுவிட்டுத் தெருப்பக்கம் ஓடினார். பாம்பைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது என்று நான் காலைத் தூக்கிக்கொண்டேன்.

கடலை உருண்டை தீர்வதற்குள் தெருப் பெண்கள் வந்துவிட்டார்கள். அக்கா எழுந்திருக்கப் பார்த்தாள். மாமன் வருகிற வரைக்கும் மணையை விட்டு எழக்கூடாது என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். கடையிலிருந்து திருமுக்கூடலுக்கு, மாமா வீட்டுக்குப் போன் போட்டாயிற்றாம். அவள் ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். வெட்கப்படுகிறாள் என்று ஆளாளுக்குச் சிரித்தார்கள். ஒருத்தர் மஞ்சள் அரைத்து வந்தார். இன்னொருத்தர் எங்கள் பட்டு நூல் குஞ்சங்களைப் பார்த்து, யார் வேலை இது, கல்யாண வீட்டில் கூட இப்படி இல்லையே என்று வியந்தார். எனக்கும் சின்னம்மா மகளுக்கும் தலைகால் புரியவில்லை. ரகசிய விருந்துக்கு இவ்வளவு பேர் வருவார்கள் என்று நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை.

நைனா வரப்பில் வந்து நின்றார். ஆண்கள் கிட்டே வரக்கூடாது என்பதால் எட்டவே நின்று, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷமாகத்தான் இருந்தார்.

“சரி, இனிமே வெயில்ல சைக்கிள் மிதிச்சிக்கினு போவ வேணாம்” என்றார்.

அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை.

மாமா மொபெட்டில் வந்தார். பின்னால் ஒரு கட்டுப் பச்சை ஓலை, வழியெல்லாம் தரையைப் பெருக்கிக்கொண்டே வந்தது. முன்னால் ஒரு லட்டுக் கூடை. வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார், குச்சு தயாராக நிற்கிறது. அவர் முகம் சிவந்துவிட்டது.

“தாய்மாமன் நான் குத்துக்கல்லு மாரி கீறேன். எவன்டா கட்னான் இத?”

நான்தான் மாமா என்று முன்னால் போய் நின்றேன். மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் உரிமையில் கைவைத்தவன் அரைக்கால் சட்டையோடு நிற்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. என் ஓலைகளைப் பிரிக்க ஆரம்பித்தார். தன் ஓலையில் தன் கையால் கட்டினால்தான் அவருக்கு மனம் ஆறும். “பொண்ணு உள்ள குந்திக்கினு கீது, மொதல்ல கூரைய பிரிக்கிறியே, நல்ல மாமன்யா நீ” என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்க, ஒரே சிரிப்பு.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அம்மா பையோடு பஸ் இறங்கி வந்தாள். எல்லோரும் வழி விட்டார்கள். அம்மா பாதி பிரிந்த குடிசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கடைசியாக அக்காவைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்து எழுப்பி, பம்புசெட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனாள். அதிக நேரம் ஆகவில்லை. திரும்பி வந்தபோது அம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“ஒண்ணும் இல்ல. புள்ளைங்க வெளையாட்டு. வூட்ல போயி வேலைய பாருங்க.”

பக்கத்து வீட்டு அத்தை விடுவதாக இல்லை. “வெளையாட்டா? ஒலக்க கீது, தட்டு கீது, வேப்பல கீது. இதெல்லாம் இன்னா?”

அம்மா என் பக்கம் திரும்பினாள். உலக்கையை எதற்குப் போட்டாய் என்று கேட்டாள்.

“ஆடு வராம இருக்கத்தான்” என்றேன்.

உடனே சிரிப்பு வெடித்தது. எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தவர் மாமாதான். தன் குச்சை இன்னொருவன் கட்டவில்லை என்பதில் அவருக்கு அத்தனை நிம்மதி. நைனா மட்டும் வரப்பிலிருந்தே, நிஜமாகவா என்று கேட்டார்.

“பெத்தவ நான் சொல்றேன். இன்னா, சீட்டு எழுதித் தரணுமா?” என்றாள் அம்மா.

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார். வாங்கி வந்த லட்டைத் திருப்பி எடுத்துப் போக மாமாவுக்கு மனம் இல்லை. அங்கேயே பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார். வந்த பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து தின்றுவிட்டு, கலர் தண்ணீர் பாட்டில்களை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாமா கொண்டு வந்த ஓலை மாட்டுக் கொட்டகைக் கூரைக்குப் போயிற்று. அக்கா மட்டும் கிணற்று ஓரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஒன்றும் இல்லை என்றுதான் அம்மாவே சொல்லிவிட்டாளே, இன்னும் எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. விருந்தை ஊரே வந்து கெடுத்துவிட்டதே என்ற வருத்தம் போல என்று, என் பங்கு லட்டில் பாதியை அவளுக்குக் கொடுத்தேன்.

ஜூன் மாதம் அக்கா பத்தாவதுக்குப் போனாள். அந்த வருஷம் முழுக்க எனக்கு ஒரு குறை இருந்தது. கோயிலில் விளக்கேற்றி வருவது அக்காவின் வேலை. சில நாட்களில் அம்மா, அவளுக்குத் தலைவலி, நீ போ என்று என்னைத் துரத்துவாள். பெண் பிள்ளைக்கு மட்டும் தலைவலி வருகிறது, எனக்கு வந்தால் யாரும் நம்புவதில்லை என்று முனகிக்கொண்டே போவேன். நவராத்திரியில் எல்லோரும் கோயிலில் இருக்க, அம்மாவும் அக்காவும் மட்டும் ஏதோ வேலை என்று வீட்டிலேயே தங்கினார்கள். அதையும் ஓரவஞ்சனைக் கணக்கில்தான் சேர்த்தேன்.

பரீட்சை முடிந்த லீவில் ஒரு நாள், அம்மாவே கடைக்குப் போய் மாமாவுக்குப் போன் செய்தாள். மாமா மறுபடி ஓலையோடு வந்தார். என்னைத் தூரமாக நிற்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு முடிச்சையும் தன் கையாலேயே போட்டார். இந்த முறை மைக் செட், கேசரி எல்லாம் நடந்தது. அக்கா மணையில் கால் நீட்டி உட்கார்ந்து, எனக்குக் கண்ணடித்தாள். அப்புறம் ரிசல்ட் வந்தது. மார்க் ஷீட்டைத் தெருவில் வீடு வீடாகக் காட்டியது வேறு யாரும் இல்லை, நைனாதான். அதன் பிறகு சைக்கிளை நிறுத்தும் பேச்சை அவர் எடுக்கவில்லை. இன்று அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

இதை என் மகளுக்குச் சொன்னபோது அக்காவும் வந்திருந்தாள். நான் உலக்கையையும் மாமாவையும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு சிறுமி கேட்கிற கேள்வியைத்தான் என் மகள் கேட்டாள். கொட்டகைக்குப் பின்னால் பாட்டி உன்னிடம் என்ன கேட்டாள் அத்தை?

“ஒண்ணும் கேக்கல. ரெண்டு வாரமா மறைச்சி வச்சிருந்தத என் மூஞ்சிய பாத்தே கண்டுபுடிச்சிட்டா. பரீட்ச எந்த மாசம்னு மட்டும் கேட்டா. மார்ச்னு சொன்னேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காதன்னு சொல்லிட்டு, என் கண்ண தொடச்சிவுட்டா.”

அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கொட்டகைக்கு இந்தப் பக்கம் நான் லட்டுக் கூடையின் மேல் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டு, இவர்கள் சீக்கிரம் பேசி முடிக்கக் கூடாதா என்று நின்றுகொண்டிருந்தேன்.